மணிக்குப் பத்துப் பக்கம்தான் நகர்கிறது: வேகமாகவும் புரிந்தும் படிக்க என்ன பயிற்சி?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். டிஎன்பிஎஸ்சி குரூப் 2, யூபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வு இரண்டுக்கும் சேர்த்துத் தயாராகிறேன். பள்ளி, கல்லூரி எல்லாம் தமிழ்வழி. வாசிப்பில் மூன்று இடங்களில் சிக்கல்.

சமச்சீர் சமூக அறிவியல் புத்தகங்களில் மணிக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் நகரவில்லை. மறுநாள் கேட்டால் பாதி நினைவில் இல்லை. ஹைலைட்டர் போட்டுப் படித்தால் பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிடுகிறது.

யூபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட்டில் ஆங்கிலப் பத்தி ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்தால்தான் ஏதோ பிடிபடுகிறது. நேரம் போய்விடுகிறது.

நிமிடத்துக்கு ஆயிரம் சொல் படிக்க வைக்கிறோம், மனசுக்குள் ஒலிக்கும் குரலை நிறுத்தினாலே போதும் என்று பயிற்சி வகுப்பு விளம்பரங்கள் வருகின்றன. கட்டணம் கொஞ்சநஞ்சமில்லை. சேரலாமா? வேண்டாம் என்றால் வீட்டிலேயே என்ன பயிற்சி, தினம் எவ்வளவு நேரம், முன்னேறுகிறோமா என்று எப்படி அளப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழுத்தெண்ணி:

ஆயிரம் சொல் வகுப்பில் சேராதீர்கள். காரணம் கண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாக 200 முதல் 250 மில்லி விநாடி. தாவலுக்கு 20 முதல் 35 மில்லி விநாடி. அந்த நேரத்தில் புதிதாக எதுவும் மூளைக்குப் போவதில்லை. நிற்கும்போதும் விழித்திரையின் நடுக்குழியில் விழுவது மட்டும்தான் கூர்மையாகத் தெரியும். அதன் வீச்சு சுமார் 2 பாகை. புத்தகத்தை 40 செ.மீ. தள்ளி வைத்துப் படித்தால் அது தாளில் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ.தான். ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்து. தமிழ் எழுத்து அகலம் என்பதால் அதிலும் குறைவு. பக்கத்தை ஒரே பார்வையில் அள்ளலாம், நடுக்கோட்டில் கண்ணை இறக்கினாலே போதும் என்பவர்கள் சொல்வது நடக்கவே முடியாத காரியம்.

2019இல் 190 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் கட்டுரை வகை நூல்களில் நிமிடத்துக்கு 238 சொல், கதைகளில் 260 என்று வந்தது. வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரேனரும் மற்றவர்களும் 2016இல் வெளியிட்ட விரிவான மதிப்பீடு இன்னும் நேரடியாகச் சொல்கிறது: வேகத்தைப் பெரிய அளவில் கூட்டினால் புரிதல் குறையும், இரண்டையும் ஒருசேர இரட்டிப்பாக்கும் வித்தை எதுவும் இல்லை. ஆயிரம் சொல் என்று காட்டுவது மேலோட்டமாகப் புரட்டுவது. புரட்டுவதும் ஒரு திறமைதான், நாளிதழுக்கு அது வேண்டும். ஆனால் அதைப் படிப்பு என்று நம்பித் தேர்வுக்குப் போகக்கூடாது.

அந்த விளம்பரங்கள் எதிரியாகக் காட்டும் இரண்டு பழக்கங்கள் உண்மையில் நமக்கு உதவுபவை. ஒன்று மனக்குரல். கடினமான உரையில் அதை வலிந்து அடக்கினால் பொருள் நழுவும். வாய் அசைகிறது, முணுமுணுப்பு வெளியே கேட்கிறது என்றால் அதை மட்டும் நிறுத்துங்கள். உள்ளே ஒலிப்பதை விட்டுவிடுங்கள். இன்னொன்று, கண் பின்னால் திரும்பிப் போவது. நன்றாகப் படிப்பவர்களின் தாவல்களிலேயே 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கியவை. படித்த சொல் உடனே மறையும்படி செய்து 2014இல் ஒரு சோதனை நடத்தினார்கள். திரும்பிப் பார்க்க வழியில்லாததும் புரிதல் இறங்கியது. சொல் சொல்லாகத் திரையில் மின்ன வைக்கும் செயலிகளின் குறையும் இதுதான்.

அப்படியானால் வேகத்தைப் பிடித்து இழுப்பது எது? தெரியாத சொல், தெரியாத துறை, அலையும் கவனம். இந்த மூன்றில் துறையறிவின் பங்கை நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1988இல் அமெரிக்காவில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்புத் திறன் குறைவு ஆனால் ஆட்டம் நன்றாகத் தெரியும் என்ற பிள்ளைகள், வாசிப்பில் கெட்டி ஆனால் ஆட்டம் தெரியாது என்ற பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். பணவீக்கம், ரெப்போ விகிதம் என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பொருளாதாரத் தலையங்கம் ஓடும். தெரியாதவருக்கு எந்தக் கண் பயிற்சியும் உதவாது.

அளக்கும் முறை இது. படிக்காத ஒரு பகுதியை எடுங்கள். பத்து வரியில் உள்ள சொற்களை எண்ணிப் பத்தால் வகுத்தால் வரிக்கு எத்தனை சொல் என்று கிடைக்கும். வரிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். டைமர் வைத்துப் படித்து மூடிவிட்டு, பார்க்காமல் பத்துக் கேள்விக்கு விடை எழுதுங்கள். 1200 சொல்லை 6 நிமிடத்தில் படித்தால் வேகம் 200. பத்தில் ஏழு சரி என்றால் 200ஐ 0.7ஆல் பெருக்கி 140 என்று குறியுங்கள். அந்த 140தான் உங்கள் எண். வேகம் 260க்கு ஏறி விடை ஐந்தாகக் குறைந்தால் எண் 130. ஏறியது போலத் தோன்றினாலும் இறங்கியிருக்கிறீர்கள். பத்தில் ஏழுக்குக் கீழே போனால் அந்த வகை உரையில் வேகத்தைத் தணியுங்கள்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொல் வேண்டும். ஆகவே 238 என்ற எண்ணைத் தமிழ் வாசிப்புக்கு வைத்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

மூன்றாம்பெஞ்சு:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். பாடப்புத்தகம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. மணிக்குப் பத்துப் பக்கம் என்பது மெதுவே இல்லை. ஆண்டு, பெயர், இடம், காரணம் என்று நெருக்கமாக அடைத்த பக்கம் அது. பத்துப் பக்கம் படித்து எட்டுப் பக்கம் மனசில் நின்றால் அது மிக நல்ல வேகம். உங்கள் சிக்கல் மறுநாள் பாதி காணாமல் போவதுதான். வேகத்தைக் கூட்டினால் அது இன்னும் மோசமாகும்.

பத்தாம் வகுப்பு வரலாற்றில் ஆங்கிலேயருக்கு எதிரான தமிழகத்தின் தொடக்ககாலக் கிளர்ச்சிகள் பாடத்தை வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் பாடத்தைப் படிக்கவே கூடாது. கற்றல் நோக்கங்கள், உள்தலைப்புகள், படங்களின் கீழே உள்ள குறிப்பு, கடைசியில் வரும் பாடச்சுருக்கம், கலைச்சொற்கள், பயிற்சி வினாக்கள், இந்த வரிசையில் புரட்டுங்கள். புலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள், வேலூர் என்று எலும்புக்கூடு மனசில் நின்றுவிடும். பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும் உட்கார ஓர் இடம் இருக்கும்.

அடுத்து ஓர் உள்தலைப்பு மட்டும் படியுங்கள். பேனா, பென்சில், ஹைலைட்டர் எதுவும் கையில் வேண்டாம். முடிந்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவில் வந்ததை மூன்று நான்கு வரி எழுதுங்கள். வேலூர் 1806 என்றால்: புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் கட்டுப்பாடு, கோட்டைக்குள் திப்புவின் குடும்பம், ஜூலை 10, ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி வந்து அடக்கியது, விளைவாக ஆளுநர் வில்லியம் பெண்டிங் திரும்ப அழைக்கப்பட்டது. எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைப் பாருங்கள். விட்டுப்போனதற்கு மட்டும் பென்சிலில் ஓரக்கோடு. இப்போது பக்கத்துக்கு இரண்டு மூன்று கோடுதான் விழும், அதுதான் திருப்பிப் பார்க்க வேண்டிய இடம். முதல் வாசிப்பிலேயே கோடு போட்டால் எது முக்கியம் என்று தெரியாமலே போடுகிறோம், அதனால்தான் பக்கம் மஞ்சளாகிறது.

மூடிவிட்டு எழுதுவது எரிச்சலாக இருக்கும், நேரம் வீணாவது போலத் தோன்றும். மறுபடி படிப்பது சுகமாக இருக்கும், எல்லாம் தெரிந்தது போல ஓர் எண்ணம் வரும். அந்த எண்ணம் ஏமாற்றும். 2006இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனையில், ஒரே பகுதியை நான்கு தடவை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒரே தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

எழுதிப் பார்ப்பதை மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று தள்ளித் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் பாடத்துக்கு ஐந்தாறு நிமிடம் போதும். முதலில் வெற்றுத்தாள், பிறகுதான் புத்தகம். இந்த வரிசையை மாற்றினால் பலன் போய்விடும்.

இன்னொன்று, தமிழ் வாக்கியத்தையே பிடிக்கத் தெரிய வேண்டும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். நடுவில் எச்சங்கள் அடுக்கடுக்காக நிற்கும். "கம்பெனியின் ஆட்சியை எதிர்த்து ஒன்றிணையுமாறு நாட்டு மக்கள் அனைவரையும் அழைத்து மருது சகோதரர்கள் 1801 ஜூன் மாதம் வெளியிட்ட அறிவிப்பு திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது." வரி வரியாக இழுத்துக்கொண்டு போனால் 'அழைத்து'க்கு வரும்போதே யார், எதை என்று தொலைந்துவிடும். சிக்கும் வாக்கியத்தில் முதலில் கடைசிச் சொல்லுக்குப் போங்கள்: ஒட்டப்பட்டது. எது? அறிவிப்பு. யாருடையது? மருது சகோதரர்களுடையது. எதற்கு அழைத்தது? பிறகு மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும். எல்லா வாக்கியத்துக்கும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் இரண்டோ மூன்றோதான் சிக்கும். அரசாணை நடையில் எழுதிய பகுதிகளுக்கும் அரசியலமைப்புப் பாடங்களுக்கும் இது மிகவும் உதவும்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பயிற்சி வினாக்களை முதலிலேயே பார்த்தால் அவற்றுக்கு விடை தேடுவதிலேயே கண் போகாதா? வினாவில் இல்லாததைத்தானே தேர்வாணையம் கேட்கிறது. சிசாட் பத்திக்கும் கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா? ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

மூன்றாம்பெஞ்சு:

நியாயமான சந்தேகம். வினாக்களை விடை தேடப் படிக்காதீர்கள். பாடம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிய ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அவ்வளவுதான். கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றினால் வினாவை விட்டுவிட்டு உள்தலைப்புகளை நீங்களே கேள்வியாக மாற்றுங்கள். "வேலூர் கலகத்தின் விளைவுகள்" என்பதை "கலகத்துக்குப் பிறகு கம்பெனி எதை மாற்றியது?" என்று. பெட்டிச் செய்திகளைத் தனியாக ஒரு சுற்றுப் படியுங்கள். ஓட்டத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் அவைதான். கேள்வி வருவதும் அங்கிருந்துதான்.

முக்கால்மார்க்:

சிசாட் பற்றி நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. 80 கேள்வி, 200 மதிப்பெண், 120 நிமிடம். சரியான விடைக்கு 2.5, தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.83 கழியும். 33 சதவீதம் எடுத்தால் போதும், 2015 முதல் இது தகுதித் தாள் மட்டும்தான். தவறே இல்லாமல் 27 சரி என்றால் 67.5, தேறிவிடுவீர்கள். 6 தவறு வந்தால் 5 மதிப்பெண் போகும், அப்போது 29 சரி வேண்டும். எல்லாப் பத்தியையும் படித்தாக வேண்டும் என்ற பதற்றத்தை இங்கேயே இறக்கி வையுங்கள். கணக்கு வரும் என்றால் அந்தப் பக்கம் 15 எடுத்துக்கொண்டு பத்தியில் 15ஐத் தேடினால் போதும். பத்திகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகும் என்பதால் தமிழ்வழி மாணவர்களுக்குச் சுமை கூடுதல், அது உண்மை.

இப்போது நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். 150 முதல் 200 சொல் கொண்ட ஒரு பத்தி. நிமிடத்துக்கு 150 சொல் என்ற நிதானமான வேகத்தில் படித்தாலும் ஒரு நிமிடம் 20 விநாடிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்திக்கு நான்கைந்து நிமிடம் போகிறது. மிச்ச நேரம் மறுபடி படிப்பதிலும் இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடுவதிலும் கரைகிறது. படிக்கும் வேகத்தை இரண்டு மடங்காக்கினாலும் பத்திக்கு 40 விநாடிதான் மிச்சம். விடைகளைக் கழிக்கத் தெரிந்தால் இரண்டு நிமிடம் மிச்சம்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஏன் மூன்று முறை படிக்கிறார்கள்? மனசுக்குள் சொல்லுக்குச் சொல் தமிழாக்குவதால். ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பின் உடனே வினை வரும். தமிழில் அது கடைசியில் வர வேண்டும். மொழிபெயர்த்துக்கொண்டே போனால் வினையைக் கையில் பிடித்தபடி வாக்கியத்தின் கடைசி வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. நீள வாக்கியத்தில் நடுவிலேயே அது நழுவும். இதற்குப் பயிற்சி: ஒரு தலையங்கத்தின் இரண்டு பத்தியில் சொற்றொடர் முடியும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு போடுங்கள். யார் / என்ன செய்தார் / எதை / எந்த நிலையில் என்று துண்டு துண்டாக, ஆங்கில வரிசையிலேயே பொருள் கொள்ளுங்கள். பத்து நாள் கோடு போட்டால் போதும். பிறகு கண்ணே பிரித்துக்கொள்ளும், கோட்டை விட்டுவிடுங்கள்.

ஹவெவர், ஆல்தோ, அன்லெஸ், நெவர்திலெஸ், ரேதர் தேன், ஹென்ஸ் போன்ற இணைப்புச் சொற்களை வட்டமிடுங்கள். ஆசிரியர் திரும்பும் இடம் அவைதான். 'ஹவெவர்' வந்தால் அதற்கு முன்னால் சொன்னது பெரும்பாலும் பிறர் கருத்து, பின்னால் வருவது அவர் கருத்து. இதைக் கவனிக்காமல் பத்தியின் முதல் பாதியை விடையாகத் தேர்ந்தெடுப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு.

பத்தியை ஒரே முறை, நிதானமாகப் படியுங்கள். முடித்ததும் ஆசிரியர் வாதிடுவது என்ன என்று தமிழில் பத்துப் பன்னிரண்டு சொல்லில் மனசுக்குள் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பத்தியை விட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றாம் வாசிப்பு உங்களைக் காப்பாற்றாது.

கேள்வி முதலா, பத்தி முதலா என்றால், சிசாட்டில் பத்தி முதல். அங்கே பல கேள்விகள் பத்தியின் சாரம் என்ன, எந்த முடிவுக்கு வரலாம், சொல்லாமலே உண்மை என்று கொண்ட எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்ற பொது வடிவில்தான் இருக்கும். அதை முதலில் படித்துப் பயனில்லை. எந்த வகைக் கேள்வி என்று ஐந்து விநாடி பார்த்தால் போதும். வங்கித் தேர்வில் நீளமான பத்திக்கு ஏழெட்டுக் கேள்வி வரும், தகவலையே நேரடியாகக் கேட்பார்கள். அங்கே கேள்வியை முதலில் பார்ப்பது பலன் தரும். ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வது வேறு வேறு தேர்வை மனசில் வைத்துத்தான்.

தவறான விடைகள் ஒரு சில அச்சில்தான் வரும். உலகில் உண்மை, ஆனால் பத்தியில் இல்லை. பத்தியில் உண்டு, ஆனால் ஒன்லி, ஆல், நெவர் சேர்த்து ஊதிப் பெரிதாக்கியது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றியது. ஒரு சிறு பகுதியை முழுச் சாரமாகக் காட்டுவது. பழைய வினாத்தாள்களில் ஒவ்வொரு தவறான விடைக்கும் பக்கத்தில் இது எந்த வகை என்று எழுதிப் பழகுங்கள். சரியான விடையைக் குறிப்பதைவிட இந்தப் பயிற்சிதான் மதிப்பெண் தரும்.

அனுமானக் கேள்விக்கு மறுத்துப் பார்க்கும் சோதனை. "நிலத்தடி நீர்மட்டம் உயர வேண்டுமானால் ஏரிகளைத் தூர் வார வேண்டும்" என்று பத்தி வாதிடுகிறது என்று வையுங்கள். "ஏரியில் தேங்கும் நீர் நிலத்துக்குள் இறங்கும்" என்பது அனுமானமா? மறுத்துப் பாருங்கள்: இறங்காது. வாதம் இடிந்து விழுகிறது, ஆகவே அது அனுமானம். "தூர் வாருவது மட்டுமே வழி" என்பது? மறுத்தால், வேறு வழியும் உண்டு. வாதம் அப்படியே நிற்கிறது, ஆகவே அது அனுமானம் இல்லை. பத்து விநாடி வேலை.

எழுத்தெண்ணி:

முக்கால்மார்க் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆங்கில வேகத்துக்குத் தலையங்கத்தை மட்டும் நம்பாதீர்கள். தெரியாத சொல் நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் அந்த உரை பொருளறியப் படிக்க மட்டுமே ஆகும், வேகப் பயிற்சிக்கு ஆகாது. வேகம் வளர்வது எளிய உரையில்தான். என்சிஇஆர்டி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆங்கிலப் புத்தகங்கள் இதற்குக் கச்சிதம். பாடமும் தேர்வுக்கு ஆகும். தமிழில் அந்தப் பாடத்தை முடித்த பிறகு அதே விஷயத்தை ஆங்கிலத்தில் படித்தால் துறையறிவு கைகொடுக்கும், கண் ஓடும்.

வாரத்தில் மூன்று நாள், 400 முதல் 500 சொல் கொண்ட பகுதி. டைமர் வைத்து ஒரு முறை, ஐந்து கேள்வி, வரைபடத்தாளில் புள்ளி. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அதே பகுதியை மூன்று முறை தொடர்ந்து படியுங்கள், ஒவ்வொரு முறையும் நேரம் குறித்து. இரண்டாம், மூன்றாம் முறை வேகம் கூடும். அதை உங்கள் வேகம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், கணக்கில் முதல் வாசிப்பு மட்டும்தான் சேரும்.

கண்ணாடிக்காரர்:

இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். கண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். பார்வை அளவிடுவது என் தொழில்.

படிப்பில் மந்தம் என்று நினைத்துக்கொள்ளும் பலருக்கு இருப்பது வேறு சிக்கல். எழுத்துப் பலகை நன்றாகத் தெரிகிறது, அதனால் கண் சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். தூரப்பார்வைக் குறை, அதாவது கிட்டத்தில் உள்ளது மங்கும் குறை, இருந்தால் இளம்வயதில் கண் தன் தசையை இறுக்கிச் சமாளிக்கும். அரை மணி நேரம் படித்ததும் நெற்றி வலி, மங்கல், தூக்கம். சோதிக்கப் போகும்போது தூரம் மட்டும் பார்த்து அனுப்பினால் விடாதீர்கள். கிட்டத்துப் பார்வையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இரு கண்ணும் கிட்டத்தில் ஒன்றுகூடும் திறன். ஒரு பேனா முனையைக் கை நீட்டிய தூரத்திலிருந்து மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். மூக்கிலிருந்து பத்து செ.மீ. தூரத்துக்கு முன்பே முனை இரண்டாகத் தெரிந்தால் சோதனையின்போது அதைச் சொல்லுங்கள். இந்தக் குறை உள்ளவர்கள் வரியைத் தவறவிடுவார்கள், படித்த வரியையே மறுபடி படிப்பார்கள். பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவது, கைப்பேசி பிடிஎஃப். பாடப்புத்தகத்தின் அகலப் பக்கத்தைச் சின்னத் திரையில் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துக்கொண்டே படித்தால் வரியின் தொடக்கத்தைக் கண் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கிறது. திரையா தாளா என்று 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் பார்த்தார்கள். தகவல் சார்ந்த உரையில், அதிலும் நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது, தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் கூடுதலாக இருந்தது. கதை படிக்க வித்தியாசம் தெரியவில்லை. தேர்வு நடப்பது தாளில். பயிற்சியும் தாளிலேயே இருக்கட்டும். அச்செடுக்க முடியவில்லை என்றால் கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பி, வரி முழுவதும் ஒரே திரையில் அடங்கும்படி வையுங்கள்.

வரி தவறுபவர்கள் வரியின் கீழே ஓர் அட்டையோ விரலோ வைத்து நகர்த்தலாம், தவறில்லை. மேலே மூடிக்கொண்டு வராதீர்கள். திரும்பிப் பார்க்கும் வழி அடைபடும்.

வைகைக்கரை:

பேனா முனை எனக்கு மூக்குக்கு அருகே வரை ஒன்றாகவே தெரிகிறது, ஆனால் கிட்டத்துப் பார்வையைச் சோதித்ததே இல்லை, போய்ப் பார்த்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று. இதையெல்லாம் ஒரு நாளில் எப்படி அடுக்குவது? மாலை நான்கு மணி நேரம்தான் கிடைக்கும்.

மூன்றாம்பெஞ்சு:

நான்கு மணி நேரம் தாராளம். முதல் 20 நிமிடம் பழைய பாடங்களை வெற்றுத்தாளில் எழுதிப் பார்ப்பது. களைப்பு வருமுன் இதை முடித்துவிடுங்கள், கடைசிக்குத் தள்ளினால் எப்போதும் விட்டுப்போகும். அடுத்து 50 நிமிடம் புதுப் பாடம், பத்து நிமிடம் இடைவெளி, மறுபடி 50 நிமிடம். இடைவெளியில் கைப்பேசியைத் தொடாதீர்கள், எழுந்து நடங்கள். பிறகு 30 நிமிடம் ஆங்கிலம்: திங்கள், புதன், வெள்ளி எளிய உரையில் வேகப் பயிற்சி, மற்ற நாள் ஒரு தலையங்கம். அடுத்த 40 நிமிடம் சிசாட்: பழைய தாளிலிருந்து நான்கு பத்தி, பத்திக்கு நான்கு நிமிடம், மீதி நேரம் முழுவதும் தவறான விடைகளை அலசுவதற்கு. மிச்சம் கணக்குக்கு.

முதல் இரண்டு வாரம் எண் ஏறாது, சில நாள் இறங்கும். பழைய பழக்கத்தை விட்டுப் புதியதைப் பிடிக்கும் நேரம் அது. ஒரு நாள் எண்ணைப் பார்க்காமல் வாரச் சராசரியைப் பாருங்கள்.

முக்கால்மார்க்:

பழைய சிசாட் தாள்களை இப்போதே எல்லாம் கரைத்துவிட வேண்டாம். அவை யூபிஎஸ்சி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடைசி மூன்று ஆண்டுத் தாள்களைத் தொடாமல் ஒதுக்கி வைத்துத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் முழு 120 நிமிடம் உட்கார்ந்து எழுதுங்கள். தேர்வு நாளில் சிசாட் மதியம் இரண்டரை மணிக்கு. ஒத்திகையும் சாப்பிட்ட பின் அந்த நேரத்திலேயே நடக்கட்டும்.

தனியார் மாதிரித் தாள்களின் பத்திகளை அதிகம் நம்பாதீர்கள். பலவற்றில் விடைக்குறிப்பே விவாதத்துக்குரியதாக இருக்கும். அதை வைத்துப் பழகினால் தவறான விடைக்குக் காரணம் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிடும்.